சுடலை எழுந்த ஞாயிற்றுக்கிழமை

முதலில் கைதான் வெளியே வந்தது.

டிவியில் ஒரு மண்மேடு. சுற்றிலும் புகை. புகைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மூணாறு மலையில் எங்கள் எஸ்டேட் கிளப்பில் நாற்பது பேர் அதேபோல நிற்கிறோம். வெளியே ஆடி மழை. மேட்டின் நடுவில் மண் லேசாகப் பிளந்தது. ஐந்து விரல்களும் விரிந்த ஒரு கை மெல்ல மேலே வந்தது.

"சுடலை! சுடலை!" என்று கிளப்பே அலறியது. பெஞ்சு மேல் ஏறிக் குதித்தோம். தட்டித் தட்டி என் உள்ளங்கை எரிந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது தற்செயலாகத் திரும்பினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பேச்சி மதினி நின்றிருந்தாள். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டிருந்தாள். அக்குளில் ஒரு துணி மூட்டை. அவள் கண் எங்கள் யார் மேலும் இல்லை, டிவி மேல் இருந்தது.

அவள் புருஷன் முத்தையா அண்ணன் மண்ணுக்குள் போய் அன்றைக்குப் பதினோரு நாள்.

போன வாரம் வரை இந்தப் பக்கத்தில் ஜீப் சவாரிக் கதைகளாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன். சிரிக்க வைக்கிறீர்கள் என்று நாலு பேர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பு வந்தால் அது என் பொறுப்பு இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த நிகழ்ச்சி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அந்த ரெஸ்லிங் வரும். எந்த ஊரில் எப்போது நடந்ததோ, எங்களுக்குத் தெரியாது. மலையில் கேபிள் படம் பாதி புள்ளியும் பாதி ஆளுமாகத்தான் தெரியும். யார் அடிக்கிறான், யார் வாங்குகிறான் என்பதே சில சமயம் ஊகம்தான். ஆனாலும் தொழிலாளர் லயத்து ஆம்பிளைகள் ஒருத்தர் விடாமல் கிளப்புக்கு வந்துவிடுவார்கள்.

இங்கிலீஷ் பெயர் எதுவும் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். மஞ்சள் முடிக்காரன் சிங்கம். கோட்டு போட்டுக்கொண்டு வந்து சும்மா சத்தம் போடுகிறவன் சூப்பர்வைசர். முகமெல்லாம் சாம்பல் பூசி, கறுப்பு அங்கியில், கையில் தீப்பந்தத்தோடு விளக்கு அணைந்த பிறகு வருகிறவன் ஒருவன் உண்டு. ஏழடி இருப்பான். பேசவே மாட்டான்.

எங்கள் எஸ்டேட்டில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் மலையேறியவர்கள். டிவிஷனுக்கு ஒரு சுடலைமாடன் பீடம் உண்டு. சாம்பலும் பந்தமுமாக ஒருவன் வந்தால் அவனுக்கு நாங்கள் வேறு என்ன பெயர் வைப்போம்?

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு கிளப் செக்ரட்டரி தங்கராசு, அவன் வரும்போது டிவி முன்னால் ஒரு கட்டிச் சூடம் கொளுத்தத் தொடங்கினான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். டிவி பக்கம் காலை நீட்டியவனை அதட்டினோம். ஒரு தடவை வயசான ஒருத்தருக்கு உடம்பு முறுக்கி அருள் வந்துவிட்டது. அமெரிக்காக்காரனைப் பார்த்து இங்கே ஒருத்தருக்கு அருள் வந்த சங்கதி அவனுக்குத் தெரிந்தால் என்ன நினைத்திருப்பான் என்று பல நாள் சிரித்திருக்கிறேன்.

அர்த்தம் சொன்னவன்

அந்தக் கூட்டத்தில் பிரீடிகிரி பாஸானவன் நான் ஒருவன்தான். பாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு வேறு உத்தியோகம். டிவிக்காரன் இங்கிலீஷில் கத்துவதற்கு நான் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் பேசியதில் பத்தில் ஒரு பங்குதான் எனக்குப் புரிந்தது. மீதியை இட்டுக்கட்டினேன். சுடலை தன் தம்பியைத் தீயில் பறிகொடுத்தவன் என்றேன். சூப்பர்வைசர் அவன் நிலத்தை எழுதி வாங்கிவிட்டான் என்றேன். நாற்பது பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதெல்லாம் மேடை நாடகம், முன்கூட்டியே பேசிவைத்த சண்டை என்று எங்கோ பேப்பரில் படித்திருந்தேன். அதை மட்டும் நான் கிளப்பில் சொல்லவே இல்லை. சொன்னால் என் உத்தியோகம் போய்விடும்.

வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்

முத்தையா அண்ணன் எனக்குப் பெரியப்பா மகன். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வியாழக்கிழமை காலை, மேல் சரிவில் மழைத்தண்ணீர் ஓடும் கான் அடைத்துக்கொண்டது என்று பார்க்கப் போனார். ஒன்பது மணி இருக்கும். லாரி கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று ஏக்கர் தேயிலையும் பாதையும் கீழே போயிருந்தன. அண்ணன் போன இடத்தில் சிவப்பு மண் மட்டும்தான் இருந்தது.

மூன்று நாள் வெட்டினோம். ஃபயர் ஃபோர்ஸ் வந்தது, தாசில்தார் வந்தார். நானும் தங்கராசுவும் வேலுவும் ஒரு வரிசை. வேலு, முத்தையா அண்ணனோடு ஒரே செட்டில் கவாத்து வெட்டியவன். மண்வெட்டி போடப் போட மேலிருந்து சேறு இறங்கி நிரப்பிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மழை வலுத்துவிட்டது. மழை விட்டதும் மறுபடி ஆரம்பிக்கலாம், அதுவரை எல்லாரும் மேலே போங்கள் என்றார்கள். கிளப்பில் போய் ஈரத்தோடு உட்கார்ந்தோம்.  சும்மா உட்கார்ந்திருக்க முடியாமலோ என்னவோ, தங்கராசு டிவியைப் போட்டான்.

அன்றைக்கு என்று பார்த்து, சுடலையைப் புதைத்தார்கள். நாலு முகமூடிக்காரர்கள் அவனை அடித்து ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியைக் குழியில் இறக்கி, மண்ணை அள்ளி அள்ளி மூடினார்கள். எங்கள் கை காலெல்லாம் அண்ணனைத் தேடிய சேறு. அதோடு உட்கார்ந்து அதைப் பார்த்தோம். கண்ணை எடுக்க முடியவில்லை.

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். மூன்றரை மணிக்கே மழை விட்டுவிட்டது. ஜன்னலில் வெயில் அடித்ததை நான் பார்த்தேன். தங்கராசுவும் பார்த்தான். சண்டை முடியட்டும் என்று இருந்தோம். முடிந்தது. சாயா வரட்டும் என்றோம். வந்தது. அப்புறம் மலையில் வெளிச்சம் போய்விட்டது.

கிளப் அழுதுவிடும்போல இருந்ததால் நான் வாயைத் திறந்தேன். "பதினாறு நாளைக்குள்ள எந்திரிச்சு வந்துருவானாம், டிவிக்காரன் சொல்றான்." டிவிக்காரன் அப்படி எதுவும் சொல்லவில்லை. பதினாறு என்ற எண் எப்படி என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

திங்கட்கிழமை விடியும்போது இரண்டாம் தடவையாகச் சரிவு இறங்கியது. இனி ஆட்களை இறக்க முடியாது என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் போய்விட்டார்கள்.

ஜன்னலில் நின்றவள்

ஆள் கிடைக்காமல் போனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஆளுடைய சட்டையையும் அவன் வேலை செய்த கத்தியையும் வைத்துப் புதைப்போம். பதினாறாம் நாள் கருமாதி செய்து, பொம்பளைக்குத் தாலி இறக்குவார்கள். அதற்குத்தான் பதினோராம் நாள் மதினி அந்த மூட்டையைக் கொண்டுவந்தாள். தங்கராசுவிடம் கொடுத்துவிட்டுப் போக வந்தவள், சுடலை எழுந்ததைப் பார்த்துவிட்டாள்.

கூச்சல் அடங்கியபோதுதான் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தங்கராசு சட்டென்று டிவியை அணைத்தான். அவள் என்னைத்தான் கேட்டாள்.

"தம்பி, இது நெசமா?"

நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை மதினி, இது கூத்து என்று சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. அதைச் சொன்னால், நாலாம் நாள் ஒரு கூத்துக்காக நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம் என்று ஆகிவிடும்.

"நெசந்தான் மதினி" என்றேன்.

அவள் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் திரும்பிப் போனாள். கருமாதி நடக்கவில்லை. யார் யாரோ கெஞ்சிப் பார்த்தார்கள். "அவுக வருவாக" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

யாரும் போடாத சட்டை

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் பாக்டரியை விட்டு ஜீப் எடுத்து, டூரிஸ்ட்டுகளை ஏற்றி இறக்கித் தலை நரைத்துவிட்டேன். மதினி கொழுந்து கிள்ளி ரிட்டையர் ஆகி, லயத்தின் கடைசி அறையில் இருக்கிறாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. முதலில் பாவம் என்றார்கள். பிறகு கிறுக்கு என்றார்கள். இப்போது பயப்படுகிறார்கள். புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்கள் அவள் வாசல் வழியாகத் தண்ணீருக்குப் போவதில்லை.

சனிக்கிழமை தோறும் அண்ணனுடைய நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவாள். வேலுவின் பெண்டாட்டி ஒரு நாள் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: "யாருமே போடாத சட்டையில காலர் மட்டும் எப்படிண்ணே அழுக்காவும்?" நான் அவளை ஏசினேன். பிறகு நானே போய்ப் பார்த்தேன். பழைய துணியில் கறை படிந்திருக்கும் என்று சொல்லலாம். ஆனால் காலரின் உள்பக்கம், கழுத்து படும் இடத்தில் மட்டும், வியர்வைப் பழுப்பு இருந்தது. துவைப்பதற்கு முன்னால் பார்த்திருக்கக் கூடாது என்று நினைத்தபடி ஜீப்பில் ஏறினேன்.

சரிவு இப்போது பச்சைப் புல் மூடி அழகாக இருக்கிறது. டூரிஸ்ட்டுகள் அங்கே நிறுத்தச் சொல்லிப் போட்டோ எடுக்கிறார்கள். ஆடி மாதக் காலையில் புல்லுக்கு நடுவே ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆவி கிளம்பும். விட்டு விட்டுக் கிளம்பும். மதினி அதை மூச்சு என்கிறாள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு சவாரியிலும் அதைச் சொன்னதில்லை.

போனில் கிடைத்தது

போன மாதம் வியூ பாயின்டில் சவாரிக்காரர்களுக்காகக் காத்திருந்தபோது போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய நிகழ்ச்சி முழுசாக வந்து விழுந்தது. புள்ளி இல்லாமல், கண்ணாடிபோலத் தெளிவாக. சாம்பல், பந்தம், அங்கி. இருபது வயசு குறைந்த மாதிரி இருந்தது. மண்மேடு காட்சி வரும்வரை.

மண்மேட்டில் கை வரவில்லை.

விளக்கு அணைகிறது. புகை வருகிறது. அரங்கத்தின் பின்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு சுடலை நடந்து வருகிறான். மண்மேடு அசையவே இல்லை. அதன் பக்கம் யாரும் போகக்கூட இல்லை.

மறுபடி போட்டேன். மறுபடியும். அதற்கு முந்தின வாரம், பிந்தின வாரம், கிடைத்ததை எல்லாம் தேடிப் போட்டேன். எதிலும் கை கிடையாது. போதாததற்கு, கிழவனாகிவிட்ட சுடலையே ஒரு பேட்டியில் சிரிக்கிறான். பெட்டிக்கு அடியில் கதவு இருந்ததாம். மேலே மண் போடும்போதே அவன் பின்னால் போய்க் காப்பி குடித்துக்கொண்டிருந்தானாம்.

தங்கராசுவுக்குப் போன் போட்டேன். "கை வந்துச்சேப்பா! நான் கும்பிட்டேனே!" என்றான்.

வேலு வீட்டுக்கே போய்க் கேட்டேன். "வலது கை. நல்லா ஞாபகம் இருக்கு. கட்டைவிரல்ல நகம் கெடையாது" என்றவன், சொல்லிவிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்த்தான். அண்ணனுக்கு வலது கட்டைவிரல் நகத்தைக் கவாத்துக் கத்தி கொண்டுபோனது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப்போட்டதே வேலுதான்.

அவன் பெண்டாட்டி கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மதினி பார்த்தாள்

காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். என் பொய்யால் ஒருத்தி இத்தனை வருஷமாகக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் தூங்குகிறாள். மண்ணுக்குள் போனவன் வரமாட்டான், அது கூத்து என்று என் வாயாலேயே சொல்லி, அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வைத்துவிட்டால் என் நெஞ்சுப் பாரமும் இறங்கும். அந்தச் சுயநலமும் இருந்தது, மறைக்கவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் போனேன். மதினி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போனை அவள் கையில் கொடுத்து முழுசையும் காட்டினேன். கிழவன் பேட்டியையும் காட்டி, அர்த்தம் சொன்னேன். இந்தத் தடவை ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் சொன்னேன்.

"பதினாறு நாளுங்கறதும் நான் இட்டுக்கட்டுனதுதான் மதினி. நெசந்தான்னு சொன்னதும் பொய்தான். என்னை மன்னிச்சுரு."

அவள் போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கோபமே இல்லை.

"நீ சொன்னதுக்காவவா நான் இருக்கேன்னு நெனச்ச?"

"பிறவு?"

"இந்தச் சாம்பல் பூசுனவன எனக்கு யாருன்னே தெரியாது தம்பி. நான் இவனப் பாக்கல. நான் பாத்தது உங்க அண்ணன் கைய."

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தோடு வந்து, என் ஜீப்பைப் பார்த்துவிட்டு வேறு வழியாகப் போனார்கள். மதினி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் மட்டுமா பாத்தேன்? நாப்பது பேரும் பாத்தீக. இங்கன இருக்கேன், வாங்கடான்னு அந்த மனுசன் கைய நீட்டுனாக. நீங்க பாத்துட்டுக் கைதட்டுனீக. நெசமான்னு உன்னய ஏன் கேட்டேன்? நெசம்னா எந்திரிச்சு ஓடுவீகன்னுதான் கேட்டேன். நெசந்தான்னு சொல்லிப்புட்டு எல்லாரும் ஒக்காந்தே இருந்தீகளேப்பா."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பில் மூன்று மண்வெட்டியும் ஒரு கடப்பாரையும் ஏற்றினேன். தங்கராசுவுக்குச் சர்க்கரை, வேலுவுக்கு மூட்டுவலி. எதற்கு என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. எஸ்டேட்டில் அனுமதி கேட்டால் தரமாட்டார்கள், அதனால் நாங்களும் கேட்கவில்லை. மதினி முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

ஆவி கிளம்பும் இடத்தை அவள்தான் காட்டினாள். வெட்ட ஆரம்பித்தோம். எர்ணாகுளத்துக்காரர்கள் ஒரு வண்டியை நிறுத்தி, "சேட்டா, எந்தா இவிடெ குழிக்குன்னது?" என்று தோண்டுவதைப் பற்றிக் கேட்டார்கள். பைப் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி என்னைப் பார்த்தாள். "எங்க அண்ணன் உள்ள இருக்காரு" என்றேன். அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானத்துக்குள் இடுப்பளவு இறங்கிவிட்டோம். அந்த மலையில் இந்த மாதத்தில் மண் கையை விறைக்க வைக்கும். கால் முழம் வெட்டினால் போதும், விரல் மரத்துவிடும். குழிக்குள் குனிந்து கட்டியை அள்ளி வெளியே போட்ட வேலு, கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நான் வாங்கிப் பார்த்தேன். தங்கராசுவிடம் கொடுத்தேன். மண் வெதுவெதுப்பாக இருந்தது. 

மூன்று மணி வாக்கில் மழை பிடித்துக்கொண்டது. மேலிருந்து சேறு ஒழுகிக் குழிக்குள் இறங்க ஆரம்பித்தது. தங்கராசு ஒரு தடவை ஜீப்பைப் பார்த்தான். நானும் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். மதினி குழியின் விளிம்பில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டுங்க" என்றாள்.

வெட்டினோம்.